அப்பாவிடம் மிஞ்சிய ஒரு சொல்

இளங்கோ,

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனை வைத்த பிறகும் நான் அதைக் காதிலிருந்து எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன். இணைப்பு அறுந்த பிறகும் எதிர்முனையில் ஆள் இருக்கிறாரா என்று காது கொடுப்பது என் பழைய வேலையின் பழக்கம். இருபத்தைந்து வயதில் தொலைபேசி நிலையத்தில் ஹெட்போனை மாட்டியவள், வேலை ஓய்ந்தும் அந்தப் பழக்கத்தை விடவில்லை. "அப்பா என்னை ஏமாத்திட்டாரும்மா. கடைசி வரைக்கும் நல்லா இருக்கேன்னே சொன்னாரு. நானும் நம்பிட்டேன்" என்று சொல்லி அழுதாயே, அதற்குப் பதிலைப் போனில் சொல்ல முடியாது. போனில் நாம் இருவரும் பேசினால் யாராவது ஒருவர் அழுதுவிடுகிறோம். மற்றவர் சமாதானம் சொல்லி வைத்துவிடுகிறோம். அதனால் எழுதுகிறேன். வீட்டில் கவிதாவிடமும் காட்டு. உன் சிநேகிதர்கள் யாருக்காவது கொடுக்க வேண்டும் என்று தோன்றினால் கொடு, எனக்குக் கூச்சமில்லை. தூரத்தில் இருந்துகொண்டு ஒரு சொல்லை நம்பியிருந்த பிள்ளை நீ ஒருவன் மட்டும் அல்ல.

உன் அப்பாவுக்கு ஆங்கிலச் சொற்கள் ஊரும் உறவும் உள்ள மனிதர்களைப் போல. விழுப்புரத்தில் வீடு, திண்டிவனம் பள்ளிக்கூடத்தில் ஆங்கில வாத்தியார். காலையில் பாசஞ்சரில் ஏறும்போது ஒரு சொல்லோடு ஏறுவார், இறங்கும்போது அதன் பூர்வீகத்தையே சொல்லிக்கொண்டு இறங்குவார் என்று கூடப் போகும் கணக்கு வாத்தியார் சந்தானம் சார் கிண்டல் செய்வார். கல்யாணமான புதிதில் அவர் என்னிடம் முதலில் கேட்டதே, "ஒரு நாளைக்கு எத்தினி வாட்டி ஹலோ சொல்லுவ?" என்பதுதான். டெலிபோன் வருவதற்கு முன்னால் அந்தச் சொல்லை யாரும் வணக்கம் மாதிரிச் சொன்னதில்லையாம். ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் ஓடக்காரனைக் கூவி அழைக்கிற கத்தல் அது என்றார். "அப்போ நான் கரையில நின்னுக்கினு கத்துறவளா?" என்று கேட்டேன். "இல்ல, நீ ஓடக்காரி" என்றார். பெண் பார்க்க வந்தபோது நிமிர்ந்துகூடப் பார்க்காத மனிதர் அப்படிச் சொன்னதும் எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. எழுந்து போய் அடுப்பே இல்லாத இடத்தில் பாத்திரத்தை வைத்தேன்.

சாப்பிடும்போதெல்லாம் இந்தப் பேச்சுதான், உனக்கும் நினைவிருக்கும். விண்டோ என்றால் காற்றின் கண் என்பார். நம் பழைய தமிழிலும் சன்னலுக்குக் காலதர் என்று பெயர், கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி, இரண்டு ஊர்க்காரனும் சுவரில் ஓட்டை போட்டுவிட்டு வெளிச்சத்தை மறந்து காற்றைத்தான் நினைத்திருக்கிறான் பார் என்பார். சில்லி என்றால் ஒரு காலத்தில் கடவுளின் ஆசி பெற்றவன், பிறகு பாவப்பட்டவன், இப்போது அசடு. "நம்ம நாத்தம் மாதிரிதான். ஒரு காலத்துல பூவுக்கு நாத்தம் இருந்துச்சு. இப்போ சாக்கடைக்குத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு ரசத்தை ஊற்றிக்கொள்வார்.

இரண்டாம் வகுப்பில் நீ ஒரு ரயில் படம் வரைந்து, டீச்சர் அதன் கீழே நைஸ் என்று எழுதிக் கொடுத்ததை ஓடிவந்து காட்டினாய். இவர் சும்மா இருக்காமல், முதன்முதலில் அந்தச் சொல்லுக்கு ஒன்றும் தெரியாதவன் என்று அர்த்தம் என்றார். நீ படத்தைக் கீழே போட்டுவிட்டு அழுதாய். அவர் பதறிப்போய் உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்தார். "வார்த்தையும் உன்ன மாதிரி வளரும்டா. சின்னப் பிள்ளையா இருக்கும்போது அது மக்கு. அப்புறம் ரொம்பப் பிகு பண்ணிக்கினு திரிஞ்சிது. அப்புறம் நுணுக்கமாச்சு. இப்போதான் நல்ல பிள்ளையாயி உன் படத்துல வந்து குந்தியிருக்கு." நான் சமையலறையிலிருந்து, "இங்க மாவு நைஸா அரையலன்னு நான் மல்லுக்கட்டிக்கினு இருக்கேன், அங்க இன்னா ஆராய்ச்சி?" என்று கத்தினேன். உன்னைத் தூக்கியபடியே ஓடிவந்தார். அந்த நுணுக்கம் என்கிற அர்த்தம் அவர்கள் ஊரில்கூட மங்கிவிட்டது, நம் வீட்டுக் கிரைண்டரில் பத்திரமாக இருக்கிறது என்று அவருக்கு ஒரே சந்தோஷம். ஆளுக்குத் தெரியாமல் நைஸாக நழுவுவதும், காரியம் ஆக ஒருவரை நைஸ் பண்ணுவதும் எப்படி வந்தது என்று அந்த வாரம் முழுக்கச் சந்தானம் சாரை ரயிலில் தூங்க விடவில்லை.

சந்தானம் சாரின் பணி நிறைவு விழாவில்தான் அது நடந்தது. அப்பா அவருக்கு முன்பே ஓய்வு பெற்றுவிட்டார். பழைய நண்பர் என்று வாழ்த்திப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். ரிட்டயர் என்றால் வேலையை விடுவது அல்ல, இழுத்துக்கொள்வது. போர்க்களத்திலிருந்து படையைப் பின்னுக்கு இழுக்கிற சொல் அது. அதைச் சொல்லிச் சிரிக்க வைக்கப் போகிறேன் என்று விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகும்வரை எனக்கு ஒப்பித்துக்கொண்டே வந்தார். மேடையில் ஏறி மைக்கைப் பிடித்தார். "நண்பர்களே" என்றார். "இந்த ரிட்டயர்" என்றார். அதோடு நின்றார். சந்தானம் சாரைப் பார்த்தார். பிறகு, "நைஸ்" என்றார். கூட்டம் சிரித்தது. "நைஸ்... நைஸ்..." என்று மறுபடி மறுபடி சொன்னார். கைதட்டினார்கள். நண்பரைப் பிரிகிற துக்கத்தில் தொண்டை அடைத்துவிட்டது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். நான் பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எத்தனையோ ஆயிரம் குரல்களைக் கேட்ட காது இது. துக்கத்தில் அடைக்கும் குரல் வேறு, வழி தவறிய குரல் வேறு. நான் எழுந்து ஓடினேன். மேடையின் படிக்கட்டை எட்டும்போது அவர் வலது கை மைக்கிலிருந்து நழுவிவிட்டது.

பக்கவாதம் என்று பெரிய ஆஸ்பத்திரியில் பல நாட்கள் இருந்தோம். டாக்டர் நல்ல மாதிரி, உட்கார்ந்து பேசினார். "அவருக்கு நீங்க பேசுறது எல்லாம் புரியுதும்மா. பதில் சொல்லணும்னு நினைக்கும்போது வார்த்தை கிடைக்கல. எப்பிடியோ இந்த ஒண்ணு மட்டும் நின்னுபோச்சு. சிலருக்கு இப்பிடி ஆகும்" என்றார். வேறு வருமா என்று கேட்டேன். வரலாம், வராமலும் போகலாம் என்றார். தமிழும் இல்லை, ஆங்கிலமும் இல்லை. புத்தகத்தைப் பிரித்துக் கொடுத்தால் எழுத்துகளை விரலால் தொட்டுப் பார்ப்பார், அவை பிடி கொடுக்கவில்லை. அத்தனை சொற்களுக்கும் ஊரும் பேரும் கண்டுபிடித்து வைத்திருந்தவரிடம் கடைசியில் தங்கியது எது பார். ஒன்றும் தெரியாதவன் என்று அர்த்தம் சொல்லி உன்னை அழவைத்தாரே, அதுதான்.

வீட்டுக்கு வந்த பிறகு நசீமா வர ஆரம்பித்தாள். கோட்டக்குப்பத்துப் பெண், விழுப்புரத்தில் வாழ்க்கைப்பட்டவள். பேச்சுப் பயிற்சி படித்தவள். எல்லாம் முடிந்த பிறகு நீ வந்தபோது பார்த்தாய், ஓரமாக நின்று அழுதுகொண்டிருந்தாள். கன்னத்தையும் உதட்டையும் அழுத்திவிட்டு, "சார், 'ஆ' சொல்லுங்க" என்பாள். அப்பா, "நைஸ்!" என்று வெடிப்பார். "பாருங்கம்மா, சார் என்ன நல்லா திட்றாரு" என்று சிரிப்பாள். அவருக்கும் சிரிப்பு வரும். அவளிடமிருந்துதான் நானும் அதைக் கேட்கக் கற்றேன். காபியில் சர்க்கரை குறைந்தால் வருகிற நைஸ் மூக்கிலிருந்து வரும். தோள் வலித்தால் பாதியிலேயே கடித்துவிடுவார். ஒருநாள் அவர் வேட்டி நனைந்துவிட்டது. நான் மாற்றிவிட்டபோது முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு மிக மெல்லச் சொன்னார். அதை என்னால் இப்போதும் சொல்லிக்காட்ட முடியும், ஆனால் சொல்லமாட்டேன்.

இப்போது உன் ஞாயிற்றுக்கிழமைகளுக்கு வருகிறேன். அப்போது நீ வர முடியாத நிலைமை. கவிதாவுக்கு முதல் கர்ப்பம் கலைந்து, இரண்டாவதற்கு எழாமல் படுத்தே இருக்கச் சொல்லியிருந்தார்கள். உன் குரலில் அந்தப் பயம் எனக்குக் கேட்டது. வீடியோவில், "எப்பிடி இருக்கீங்கப்பா?" என்பாய். இவர், "நைஸ்" என்பார். "பாரும்மா, எவ்ளோ தெளிவா சொல்றாரு!" என்பாய். ஒருமுறை நான், "அவருக்கு அது ஒண்ணுதான் வருது கண்ணு" என்றேன். "அது போதும்மா" என்றாய். அன்று எனக்குக் கோபம் வரவில்லை, இன்றும் இல்லை. வெள்ளத்தில் போகிறவன் கையில் அகப்பட்ட கட்டையைப் பிடித்துக்கொள்வான். அது என்ன மரம் என்றா கேட்பான்?

ஆனால் நீ பார்க்காததை நான் சொல்ல வேண்டும். ஞாயிறு என்றால் விடிந்ததிலிருந்தே அவர் தாடையைத் தடவிக்கொண்டிருப்பார், சவரம் செய்துவிட வேண்டும் என்பதற்கு அடையாளம். நீ வாங்கிக் கொடுத்த நீலச் சட்டையைத்தான் காட்டுவார். கோணிய வாய்ப்பக்கம் தெரியாதபடி நாற்காலியைத் திருப்பிப் போடச் சொல்லிக் கையைக் காட்டுவார். மணி அடித்ததும் மூச்சை இழுத்து வைத்துக்கொள்வார். உன்னிடம் சொன்ன அந்த நைஸ் வேறு யாருக்கும் கிடைக்காதது. நெஞ்சிலிருந்து எடுத்து, கடைசியில் மேலே தூக்கி நிறுத்துவார், வகுப்பில் பாடம் ஆரம்பிக்கிற குரலில். நீ வைத்த பிறகு வேர்த்துப்போய் அப்படியே சாய்ந்து தூங்கிவிடுவார். இதை ஏமாற்று என்று சொல்லாதே. எல்லாச் சொற்களும் அவரிடம் இருந்திருந்தாலும் கர்ப்பிணி மனைவியைக் காத்துக்கொண்டிருக்கும் பிள்ளையிடம், நல்லா இருக்கேன்டா என்பதைத்தான் சொல்லியிருப்பார். நான் கட்டியவரை எனக்குத் தெரியும்.

இனி எழுதப்போவதை இதுவரை உன்னிடம் சொல்லவில்லை. சொன்னால் உனக்கு இன்னொரு பாரம் ஆகுமோ என்று வைத்திருந்தேன். ஒருநாள் நசீமா, "சார், எல்லாம் வேணாம். ஒரே ஒரு பேரு மட்டும் பழகலாம். எந்தப் பேரு வேணும், நீங்களே காட்டுங்க" என்றாள். என் பக்கம் பார்ப்பார் என்று நினைத்தேன், பொய் சொல்வானேன். அவர் சுவரில் இருந்த உன் கல்லூரிப் படத்தைக் காட்டினார். அதிலிருந்து கண்ணாடியை எதிரில் வைத்துக்கொண்டு பயிற்சி. இ வந்துவிட்டது. ள வருவதற்கு நாக்கு மடங்கவில்லை. நசீமா இல்லாத நேரத்திலும் சன்னல் பக்கம் திரும்பி நாக்கை மடக்கி மடக்கிப் பார்ப்பார். எச்சில் வழியும். துடைக்கப் போனால் என் கையைத் தட்டிவிடுவார்.

கடைசி ஞாயிறு. நீ வழக்கம்போல எப்படி இருக்கீங்கப்பா என்றாய். அவர் நைஸ் சொல்லவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு, "இ... ளா... ங்..." என்றார். நீ திரையருகே குனிந்து, "என்னப்பா? கேக்கல. லைன் சரியில்லம்மா, கட்டாவுது. நான் அப்புறம் கூப்பிடுறேன்" என்றாய். திரை இருண்டுவிட்டது. லைனில் கோளாறு ஒன்றும் இல்லை, இளங்கோ.

பொறு, இங்கேயே நின்றுவிடாதே. அதற்குப் பிறகு நடந்ததுதான் முக்கியம். நான் அவரைப் பார்க்கவே பயந்தேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். இடது கையால் நாற்காலியின் கையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். அவர் காதில் அது முழுப் பெயராகவே விழுந்திருக்கிறது. பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டார், அவ்வளவுதான் அவருக்கு. என்னைப் பார்த்து, "நைஸ்" என்றார். இத்தனை மாதங்களில் நான் கேட்டறியாத ஒன்று அது. "சொல்லிட்டீங்க" என்றேன். அந்த வாரத்திலேயே ஒரு விடியற்காலையில் அவர் தூக்கத்திலேயே போய்விட்டார். நீ விமானம் கிடைக்காமல் அலைந்து வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. உன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட திருப்தியோடு போனவரைப் பற்றித்தான் நீ, ஏமாற்றிவிட்டார் என்று அழுகிறாய்.

சந்தானம் சார் அடித்த கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் அப்பாவுக்கு மரியாதையாக ஆங்கிலத்திலும் ஒரு வரி போட்டிருந்தார். துயரில் இருக்கும் குடும்பம் என்பதற்கு பிரீவ்டு ஃபேமிலி என்று இருந்தது. நீ திரும்பிப் போன பிறகு அகராதியை எடுத்துப் பார்த்தேன். கொள்ளை போனவர்கள் என்று அதற்குப் பழைய அர்த்தமாம். கணவனைப் பறிகொடுத்தவள் என்று நாமும் சொல்கிறோமே! அதே எண்ணம், அதே சொல். எழுந்து கூடத்துக்கு வந்துவிட்டேன், அவரிடம் சொல்வதற்கு. நாற்காலியைப் பார்த்த பிறகுதான் நினைவு வந்தது. விதவையும் ஆங்கிலத்தின் விடோவும் ஒரே வேரில் வந்த சொற்கள் என்று முன்பு ஒருமுறை அவரே சொன்னார். "வெளக்கு வெக்கிற நேரத்துல இன்னா பேச்சு இது, வாய மூடுங்க" என்று அதட்டினேன். உடனே மூடிக்கொண்டார், பாவம்.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. கொஞ்ச நாளாக எதைக் கேட்டாலும் பரவாயில்லம்மா என்கிறாய். பரவா என்பது உருது வழியாக வந்தது, கவலை என்று பொருள் என்பார் அப்பா. கவலை இல்லை என்று நீ சொல்லும்போதெல்லாம் எனக்குக் கவலைதான் கேட்கிறது. கவிதாவும் உன்னிடம் அதே சொல்லைச் சொல்லக்கூடும். அப்போது செய்கிற வேலையை வைத்துவிட்டு அவள் முகத்தைப் பார். குழந்தை வந்த வீட்டில் தூக்கம் இல்லாத பெண் சொல்லும் பரவாயில்லைக்குப் பல அர்த்தம் உண்டு. என்னிடமும் இனி அதைச் சொல்லாதே. கஷ்டமாக இருந்தால் கஷ்டமாக இருக்கிறது என்று சொல். தாங்கிக்கொள்ள எனக்குத் தெம்பு இருக்கிறது.

நேற்று நசீமா வந்தாள். பெருமுக்கலில் ஒருவரைப் பார்க்கப் போகிறாளாம். நீங்களும் வாங்கம்மா, அவர் வீட்டம்மா என் பேச்சைக் கேட்கவே மாட்டேங்குறாங்க என்றாள். திண்டிவனம் போய் அங்கிருந்து வேறு பஸ். மலை தெரிகிற இடத்தில் இறங்கி நடந்தோம். சொந்த நிலத்தில் மல்லாட்டை பயிர் செய்கிற குடும்பம். அந்த வீட்டுப் பெரியவருக்கும் அப்பாவுக்கு வந்ததே வந்திருக்கிறது. அவரிடம் மிஞ்சியிருப்பது ஒரே சொல், "போ".

அவர் மனைவி அஞ்சலை என்னைக் கண்டதும் அழ ஆரம்பித்துவிட்டாள். "கண்ணாலம் கட்டிக்கினு வந்த நாள்லேந்து ஒரு வார்த்த கடிஞ்சி பேசாத மனுசன்மா. இப்போ கஞ்சி எடுத்துக்கினு போனா போங்குது. தலமாட்டுல குந்துனா போங்குது. மருமவள சொல்ல மாட்டேங்குது, புள்ளய சொல்ல மாட்டேங்குது. என்னப் பாத்தாத்தான் போ, போ, போ. இந்த வயசுல நான் எங்க போவேன்? நான் இன்னா பாவம் பண்ணேன்?"

நான் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். நசீமா அவரிடம் ஏதேதோ கேட்டாள். எல்லாவற்றுக்கும் போ என்றார், தணிவாக, நிதானமாக. நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். அஞ்சலை எங்களுக்கு மோர் கொண்டுவர எழுந்தாள். உடனே, "போ! போ! போ!" என்று குரல் உயர்ந்தது. அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "கேட்டியாம்மா? நீயே கேட்டியா?"

நான் கண்ணைத் திறந்தேன். "அஞ்சலை, காத மூடிக்கினு கையப் பாரு" என்றேன்.

அவளுடைய முந்தானை நுனி அவருடைய இடது கையில் சுருட்டிப் பிடிக்கப்பட்டிருந்தது. முட்டி வெளுத்துப்போகும்படி அவ்வளவு இறுக்கம். அவள் குனிந்து பார்த்தாள். பிறகு மோரை மறந்துவிட்டு அங்கேயே, கட்டில் ஓரத்தில் அவரை ஒட்டிக் குந்தினாள். அவர் "போ" என்று ஒருமுறை சொன்னார், மூச்சு விடுவது போல. கையை விடவில்லை. அஞ்சலை வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள், ஆனால் அது வேறு அழுகை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நசீமா தூங்கிவிட்டாள். இதை எப்படி ஆரம்பித்து எப்படிச் சொல்வது என்று விழுப்புரம் வரும்வரை மனதுக்குள் அடுக்கிக்கொண்டே வந்தேன். செருப்பைக்கூடக் கழற்றாமல் கதவைத் திறந்து உள்ளே போய், "ஏங்க, இன்னிக்கி..." என்று ஆரம்பித்துவிட்டேன். வீட்டில் யாரும் இல்லை. அதனால்தான் உனக்கு எழுத உட்கார்ந்தேன்.

அம்மா